தடைக்காலத்தில் ஒரு விடுமுறை

அந்தப் பயணத்துக்கு ஓர் எக்செல் ஷீட் இருந்தது. தயாரித்தது நான்தான். ஒரு கட்டத்தில் நேரம், அடுத்ததில் இடம், அதற்கடுத்ததில் எவ்வளவு நேரம் ஆகும், கடைசியில் செலவு. விடிகாலை 4 மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்புவது, 10 மணிக்குத் தரங்கம்பாடி, 10.15க்குக் கோட்டை, 11.30க்குத் தேவாலயங்கள், 1 மணிக்குச் சாப்பாடு. மாலை 4.30க்கு நேராக ‘கடற்கரை, சும்மா உட்காருதல் (90 நிமிடம்)’ என்று போட்டிருந்தேன். வாட்சப் குழுவில் பகிர்ந்த இரண்டாவது நிமிடத்தில் பதில் வந்தது: “சும்மா உட்கார்றதுக்கும் டைம் ஸ்லாட் போட்ட முதல் ஆளு நீதான்டா.”

நாங்கள் நான்கு பேர். பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. சொந்தப் பெயர்கள் வேண்டாம். கல்லூரிப் பட்டப்பெயர்களே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. தேர்வுக்கு முந்தைய இரவில் உட்கார வைத்துப் பாடம் நடத்தி எங்களைக் கரையேற்றியவன் வாத்தி. யார் வண்டி வாங்கினாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பவன் டிரைவர். எங்களைவிட மூன்றே மாதம் மூத்தவள் என்பதற்காக வகுப்பே அக்கா ஆக்கிவிட்ட அக்கா. நான் எக்செல். மூன்று முறை தள்ளிப்போன பயணம் இது. மூன்று முறையும் தள்ளிப்போட்டது நான். ஒவ்வொரு முறையும் காரணம் ஏதோ ஒரு ‘ரிலீஸ்’.

இந்தக் கட்டுரை அந்த 90 நிமிடத்தைப் பற்றியது. ஒரு மனிதன் சும்மா உட்காருவதற்கு அவனிடம் என்ன தகுதி இருக்க வேண்டும்? இப்படியொரு கேள்வி இருப்பதே அன்று காலைவரை எனக்குத் தெரியாது. பதில் மட்டும் தெரிந்திருந்தது: உழைத்தவனுக்கு ஓய்வு. நான் நன்றாக உழைக்கிறேன், அதனால் எனக்கு 90 நிமிடம் உண்டு.

திருக்கடையூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கத்திரி வெயில் ஒன்பதரை மணிக்கே ஏறியிருந்தது. கோயில் தெருவில் மாலையும் கழுத்துமாக அறுபது வயது மாப்பிள்ளைகள், பக்கத்தில் பட்டுப்புடவை கசங்காமல் நடக்க முயலும் மனைவிகள், பின்னால் பேரப் பிள்ளைகள். அறுபதாம் கல்யாணத்துக்கு என்றே ஆட்கள் வருகிற ஊர் அது.

“இவங்கதான்டா நிஜமா ஃப்ரீ,” என்றான் டிரைவர். “இனிமே யாரும் வந்து என்ன பண்றீங்கன்னு கேக்க மாட்டாங்க.”

“அவரை மட்டும்தான் கேக்க மாட்டாங்க. பக்கத்துல நிக்கிற அந்தம்மா நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு அடுப்படியில நிப்பாங்க,” என்றாள் அக்கா.

ஓய்வூதியம் என்ற சொல் அப்போது மனதில் ஓடியது. ஓய்வு, ஊதியம். முப்பது வருடம் உழைத்தால் கடைசியில் ஓய்வே சம்பளமாக வருகிறது. எவ்வளவு சரியான சொல் என்று நினைத்தேன். அதில் என்ன தவறு இருக்கிறது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

தரங்கம்பாடிக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. வெள்ளை அடித்த பழைய கோட்டைமதில் வாசல், 1792 என்று ஆண்டு போட்டது. அதற்கு இந்தப் பக்கம் பஸ், ஆட்டோ, செல்போன் கடை. அந்தப் பக்கம் ராஜ வீதி, கடல் வரைக்கும் நேராக. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு சின்ன ஐரோப்பிய நாடு இங்கே கடை விரித்திருந்தது. இப்போது அந்தத் தெருவில் இருப்பவை அமைதியும் மஞ்சள் சுவர்களும் தூங்கும் நாய்களும்தான்.

நான் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை இழுத்தேன். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், பத்து நிமிடம். 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், பதினைந்து நிமிடம். சீகன்பால்க் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில், இருபத்துநான்கு வயதுகூட நிறையாமல் இந்தக் கரையில் வந்து இறங்கி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் கொண்டுவந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, முப்பத்தாறு வயதில் செத்துப்போன ஜெர்மானியர்.

“முப்பத்தாறு!” என்றேன். “நமக்கு இப்ப என்ன வயசு?”

யாரும் பதில் சொல்லவில்லை.

கோட்டைக்குள் வாத்தி ஒரு தகவல் சொன்னான். வழியில் போனில் படித்திருந்தான். 1708 கடைசியில் இங்கிருந்த டேனிஷ் தளபதிக்கும் சீகன்பால்குக்கும் தகராறு முற்றி, சீகன்பால்கை இந்தக் கோட்டையிலேயே நான்கு மாதம் சிறை வைத்தார்கள்.

நான் உடனே கேட்டேன்: “அந்த நாலு மாசத்துல என்ன எழுதினார்?”

வாத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தான். “எதாவது எழுதிருப்பார். ஆனா நீ ஏன் அதை முதல்ல கேக்குற? எப்படிடா இருந்தாருன்னு கேக்கத் தோணல?”

சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த ஸ்லாட்டுக்கு ஏழு நிமிடம் தாமதமாகியிருந்தது.

மதியம் சாப்பிட்ட மெஸ்ஸில் டிரைவர் வஞ்சிரம் கேட்டான். “பெரிய மீன் இல்ல தம்பி, தடைக்காலம். ஃபைபர் போட்டுல வந்த சங்கராதான் இருக்கு,” என்றார் பரிமாறியவர். வெயிலுக்குப் பயந்து சாப்பிட்டபின் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஷீட்டில் இல்லாத இடம். அக்காவுக்குப் போன் வந்தபடியே இருந்தது. பையனுக்குத் தயிர்சாதம் ஊட்டுவது எப்படி என்று எட்டாவது முறையாக வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு வைத்தாள்.

சும்மா என்ற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. தமிழில் இதற்கு இணையாக வேலை வாங்கப்படுகிற சொல் வேறு கிடையாது என்றான் வாத்தி. சும்மா வந்தேன் என்றால் காரணம் இல்லை. சும்மா கொடுத்தான் என்றால் காசு இல்லை. சும்மா சொன்னேன் என்றால் உண்மை இல்லை. சும்மா விடமாட்டேன் என்றால் அடி நிச்சயம். சும்மா இருப்பதைத் தாயுமானவர் ஞானத்தின் உச்சியில் வைத்தார். அதே தமிழில் வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமும், அது போதாது என்று அடுத்து ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரமும் வைத்திருக்கிறார்.

“எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு பெஞ்ச்,” என்றேன். ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சம்பளம் வரும், வேலை இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான்கு மாதம் பெஞ்சில் இருந்தேன். காலையில் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போய், கேன்டீனில் உட்கார்ந்து, ஆன்லைன் பயிற்சிகளை ஒவ்வொன்றாக முடித்து, மாலையில் தேய்த்து வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கூலியோடு கூடிய ஓய்வு. அந்த நான்கு மாதத்தில் எனக்கு அல்சர் வந்தது.

அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “ஸ்கூல் ஃபார்ம்ல அம்மா தொழில்னு ஒரு கட்டம் இருக்கும்ல. எங்க மிஸ் வாய்விட்டுக் கேப்பாங்க. நான் எழுந்து நின்னு, ‘சும்மாதான் இருக்காங்க மிஸ்’னு சொல்லுவேன். பன்னெண்டு வருஷம் சொன்னேன்டா. ரெண்டு மாடு, நாலு புள்ளைங்க, படுத்த படுக்கையா பாட்டி. சும்மா இருந்தாங்களாம்.”

மூன்று மணிக்கு மேல் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கரையில் ஓலைக் கொட்டகை நிழலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் தண்ணீர் கேட்டோம். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் குடத்தைக் காட்டினார். அப்படியே பேச்சு தொடங்கியது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாளாக்கினார்கள். இவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். பிடிபட்ட மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவும் படகுக்காரர் பங்கும் போக மீதியில் ஆளுக்கு ஒரு பங்கு.

நான் சகஜமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன்: “அப்ப ரெண்டு மாசம் லீவுதான்னு சொல்லுங்கண்ணே.”

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “லீவுன்னா சம்பளம் வருமே தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. தவறாகச் சொன்ன சொல்லைத் திருத்துகிற மாதிரி சொன்னார். வாத்தி சத்தமாகச் சிரித்தான், அன்று முழுவதும் சிரிக்காத ஒரு சிரிப்பு.

அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். இதை அவர் சொல்லவில்லை, என் மண்டை தானாகப் போட்ட கணக்கு. இந்த இரண்டு மாதத்தில் சிலர் கொத்து வேலைக்குப் போகிறார்கள், சிலர் கேரளாவுக்கு. இவருக்கு வலைவேலை.

“தடையே வேணாம்னு தோணுமாண்ணே?” என்று வாத்தி கேட்டான்.

“அது எப்புடி? கடலுக்கும் ஆறணும்ல. ஆனா எல்லாரும் நிறுத்தினாத்தான் தம்பி நிறுத்த முடியும். நான் மட்டும் நல்லவனா நின்னா, அடுத்தவன் வந்து அள்ளிட்டுப் போயிருவான். எம்புள்ள என்னயப் பாத்துச் சிரிக்கும்.”

கடல் அன்று அலையே இல்லாத மாதிரி கிடந்தது. ஊர்ப்பெயருக்கு அலை பாடும் ஊர் என்று பொருள் சொல்கிறார்கள். தரங்கம் அலை என்பது சரி. பாடி என்றால் குடியிருப்பு. அங்கே அலை பாடுவதாகச் சொல்வது நாமே சேர்த்துக்கொண்டது. அலையைக்கூட ஒரு வேலையில் சேர்த்துவிட்டால்தான் நமக்கு நிம்மதி. டிரைவர் கடலைப் பார்த்து, “இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்குல்லண்ணே,” என்றான்.

“அன்னிக்குக் காலையிலயும் இப்படித்தான் சும்மா கெடந்துச்சு,” என்றார் அவர். எந்த அன்றைக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் யாரும் தேதி சொல்வதில்லை.

நாலரை மணிக்குக் கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கருங்கல் அணைக்கரையில் உட்கார்ந்தோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். எழுநூறு ஆண்டு. அங்கிருந்த கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மீதியைக் காப்பாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். ஷீட்டில் 90 நிமிடம் ஆரம்பித்தது. நான் மணி பார்த்தேன்.

அப்போதுதான் வாத்தி சொன்னான்: “ஏப்ரல் முதல் வாரத்துலேர்ந்து எனக்கு வேலை இல்லடா.”

ஆறு வாரம். மனைவிக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பாவுக்குத் தெரியாது. தினமும் காலை எட்டரைக்கு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறான். “அங்க என்னை மாதிரி ஏழெட்டுப் பேர் இருக்காங்க. பையைப் பாத்தாலே தெரியும். புஸ்தகம் எடுக்க வந்தவன் யாரும் அவ்ளோ நேரம் ஃபார்மல்ஸ்ல உட்கார மாட்டான்.” பத்துப் பேர் செய்த வேலையைப் புதிய கருவிகளை வைத்து ஆறு பேரே முடிக்கலாம் என்று அவன் நிறுவனத்தில் முடிவாகியிருக்கிறது. பதினைந்து நிமிட வீடியோ காலில் சொன்னார்கள்.

“டைம் இருக்குடா. இவ்ளோ டைம் என் வாழ்க்கையில இருந்ததே இல்ல. ஆனா உட்கார முடியல. படம் பாத்தா தப்புப் பண்ற மாதிரி இருக்கு. மத்தியானம் தூங்கினா திருடின மாதிரி இருக்கு.”

நான் அப்போது கேட்டதை இங்கே எழுதியே ஆக வேண்டும். “இந்த ஆறு வாரத்துல ஏதாவது கோர்ஸ் முடிச்சியா?” என்று கேட்டேன்.

அக்கா என் கையில் அடித்தாள். வாத்தி கோட்டை இருக்கும் திசையைக் காட்டி, “நாலு மாசத்துல என்ன எழுதினாரு?” என்றான். அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்க முடியவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை நான் அன்று சொல்லவில்லை. என் வேலையில் யூட்டிலைசேஷன் என்று ஒரு கணக்கு உண்டு. ஒருவர் பில் போட்ட மணிநேரத்தை அவருக்கு இருந்த மொத்த மணிநேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் என் குழுவின் கணக்கை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டார்கள். அனுப்பினேன். ஒரு பெயருக்கு எதிரே 54 என்று இருந்தது. கணக்கு சரிதான், நான் இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த வருடம் அவருடைய அம்மா மருத்துவமனையில் இருந்தார் என்பதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை. அடுத்த மாதம் அவர் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஏன் போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது. வாத்தியின் பெயரையும் எங்கோ ஓர் எக்செல் இப்படித்தான் கவனமாகச் சரிபார்த்து அனுப்பியிருப்பான். அவனுக்கும் நண்பர்கள் இருப்பார்கள், அவனும் கடற்கரைக்குப் போவான்.

அன்றிலிருந்து இதைப் படித்தும் யோசித்தும் வருகிறேன். அரிஸ்டாட்டில் காலத்துக் கிரேக்கத்தில் ஓய்வுக்கு ஸ்கோலே என்று பெயர். பள்ளியைக் குறிக்கும் ஸ்கூல் அதிலிருந்து வந்தது. வேலைக்குத் தனிச் சொல்கூட வைக்காமல் அஸ்கோலியா, அதாவது ஓய்வின்மை என்று சொன்னார்கள். ஓய்வுதான் இயல்பு, வேலை அதன் குறைபாடு. முதலில் படித்தபோது துள்ளிக் குதித்தேன். பிறகு அதே அரிஸ்டாட்டில் அடிமை முறையை நியாயப்படுத்துவதைப் படித்தேன். அதில் ஓர் இடத்தில், தறியின் நாடா தானாகவே நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்கிற பொருளில் சொல்கிறார். நாடா தானாக நெய்ய ஆரம்பித்துவிட்டது. இப்போது நிரல்கூடத் தானாக எழுதிக்கொள்கிறது. ஓய்வு வரவில்லை, வீடியோ கால் வந்தது.

ஏன் அப்படி என்பதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932இல் சோம்பலைப் பாராட்டி எழுதிய கட்டுரையில் ஒரு குண்டூசி ஆலையை வைத்து விளக்குகிறார். உலகத்துக்குத் தேவையான குண்டூசிகளைக் குறிப்பிட்ட ஆட்கள் எட்டு மணிநேரத்தில் செய்கிறார்கள். அதே நேரத்தில் இரு மடங்கு செய்யும் வழியை ஒருவர் கண்டுபிடிக்கிறார். புத்தியுள்ள உலகமாக இருந்தால் எல்லோரும் நான்கு மணிநேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நம் உலகத்தில் பாதிப் பேரை வெளியே அனுப்பிவிட்டு மீதிப் பேர் எட்டு மணிநேரமே வேலை செய்கிறார்கள். மொத்த ஓய்வின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் அது எல்லோருக்கும் சந்தோஷம், மற்றதில் ஒருத்தருக்கும் இல்லை.

இதைப் படித்தபோது கருங்கல்லில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் நான் பார்த்தேன். மூன்று முறை பயணத்தைத் தள்ளிப்போட்டவன் ஒருவன், மத்தியானம் தூங்கினால் திருடியதாக நினைப்பவன் இன்னொருவன். என்னிடம் இல்லாத நேரமும் அவனிடம் மிதமிஞ்சிக் கிடக்கும் நேரமும் ஒரே மூட்டையிலிருந்து தப்பாகப் பிரித்தவை. நான் இரண்டு ஆள் வேலை செய்துவிட்டு, 90 நிமிடம் சம்பாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வைக் கூலி என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வாத்தி சாட்சி. கூலி வேலை செய்பவனுக்கே சேரும். ஆகவே வேலை போனவனுக்கு ஓய்வும் போய்விடுகிறது, கையில் 24 மணிநேரம் இருந்தாலும். அக்காவின் அம்மாவுக்கு அது கிடைத்ததே இல்லை, ஏனென்றால் அவர் செய்ததை யாரும் வேலை என்று எழுதவில்லை. ஓய்வூதியம் சரியான சொல் என்று காலையில் நினைத்தேனே, அதன் குறை இதுதான். அந்தச் சொல்லுக்குள் திருக்கடையூரில் பட்டுப்புடவை கட்டி நின்ற பெண்ணுக்கு இடம் இல்லை.

கூலி இல்லையென்றால் ஓய்வு என்ன? இதற்கு நான் படித்த புத்தகங்களைவிட வலை பின்னியவர் நன்றாகப் பதில் சொன்னார். எல்லோரும் நிறுத்தினால்தான் நிறுத்த முடியும். ஓய்வு தனி ஒருவரின் நற்குணமோ சாமர்த்தியமோ இல்லை. அது ஓர் ஒப்பந்தம். தனியாக நிற்பவன் தோற்றுப்போவான், சேர்ந்து நின்றால் யாருக்கும் தோல்வி இல்லை. வார விடுமுறையும் எட்டு மணிநேர வேலையும் அப்படித்தான் வந்தன. 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் கூட்டம் போட்டு இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சேர்ந்து நிறுத்துவது என்றால் என்ன என்பதைக் கடற்கரை ஜனங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்காது.

இது பாதிதான். அவர் சொன்ன இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: லீவுன்னா சம்பளம் வருமே. நாளைய சோற்றுக்கு உத்தரவாதம் இல்லாமல் கிடைக்கும் நேரத்துக்கு ஓய்வு என்று பெயர் வைப்பது பொய். தடைக்காலம் மீனுக்குத்தான் முழுமையான ஓய்வு. மீனவருக்கு 131 ரூபாய். என் நான்கு மாதப் பெஞ்சில் சம்பளம் இருந்தது, நாளைக்கு என்ன என்பது தெரியாமல் இருந்தது; அதனால்தான் வயிறு புண்ணானது. பயம் இருக்கும் இடத்தில் சும்மா இருக்க முடியாது. தாயுமானவர் சொன்ன சும்மா வேறு தளம், எனக்கு அங்கே போகத் தெரியாது. நான் சொல்வது சாதாரண, சாயங்காலத்துச் சும்மா. அதற்கே இவ்வளவு தேவைப்படுகிறது.

எதிர்வாதம் தெரியும். எல்லோருக்கும் உத்தரவாதமாகச் சோறு போட்டால் யார் வேலை செய்வார்கள் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சான்று, ஆறு வாரமாக யாரும் கேட்காமலே ஃபார்மல்ஸ் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போகிற ஒருவன். மனிதர்கள் சோம்பிக் கிடக்கத் துடிக்கிறார்கள் என்பதை அவனைப் பார்த்தபின் என்னால் நம்ப முடியவில்லை.

அன்று கருங்கல்லில் இவ்வளவும் பேசவில்லை. ஆறு மணி தாண்டியது, நான் எதுவும் சொல்லவில்லை. டிரைவர் போய்ச் சுண்டல் வாங்கி வந்தான். அக்கா போனை அணைத்துப் பையில் போட்டாள். இருட்டிய பிறகு கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. வாத்தி கல்லில் மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டான். அரைமணி நேரம் இருக்கும். யாரும் எழுப்பவில்லை.

மறுநாள் வீடு வந்ததும் செலவுக் கணக்கை எடுத்தேன். மொத்தம் 11,640 ரூபாய். நாலால் வகுத்தால் 2,910. மூன்றால் வகுத்தால் 3,880. இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவனிடம் வாங்குவது குரூரமாகத் தோன்றியது. வாங்காமல் விடுவது இன்னும் பெரிய குரூரமாகத் தோன்றியது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“நாலாப் பிரி,” என்றாள். “மூணாப் பிரிச்சா அடுத்த தடவ அவன் வர மாட்டான்.”

நாலாகப் பிரித்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் முதலில் பணம் அனுப்பியது வாத்திதான். சரியாகத்தான் செய்தோமா என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த மாதம் யூட்டிலைசேஷன் கணக்கு மறுபடி கேட்டார்கள். வேலையை விட்டேன், மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அனுப்பத்தான் செய்தேன், வீட்டுக்கடன் இருக்கிறது. இந்த முறை குறைந்த எண் இருந்த மூன்று பேரையும் முன்கூட்டியே தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன எண், ஏன் என்று கேட்டு, ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்துக் காரணத்தையும் எழுதினேன். அந்தக் கட்டத்தை மேலே யாராவது படித்தார்களா தெரியாது. போதாது என்பது மட்டும் தெரியும்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் காட்சியைச் செய்தியில் காட்டினார்கள். வாத்திக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவனுடைய தடைக்காலத்துக்கு யாரும் முடிவுத் தேதி போடவில்லை. அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டான். அவர் ஒன்றும் கேட்காமல், “மத்தியானம் சாப்புட்டுத் தூங்கு,” என்றாராம்.

ஆகஸ்டில் மறுபடி போகலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. ஷீட் போடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். சரி, செலவை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், நாலாகத்தான் பிரிப்பேன் என்றேன். வாத்தி கட்டைவிரல் காட்டினான்.